கடலின் தரை

தனுஷ்கோடிக்குப் போகிறவர்களில், இடிந்த தேவாலயத்தின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளாதவர்கள் குறைவு. 1964 டிசம்பர் புயல் மிச்சம் வைத்த சுவர்கள் அவை. அடுத்த முறை போகும்போது, படம் எடுத்து முடித்ததும் சுவரை ஒட்டிப் போய், பூச்சு உதிர்ந்த இடத்தில் கல்லை உற்றுப் பாருங்கள். அது செங்கல் இல்லை; கருங்கல்லும் இல்லை. வெளிறிய கல், அதன் மேல் முழுக்க மிளகளவுக் குழிகள். ஒவ்வொரு குழிக்குள்ளும் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி ஓடும் மெல்லிய தடுப்புகள், பார்ப்பதற்கு நட்சத்திரம் போல. சில கற்களில் குழிக்குப் பதிலாக மூளையின் மடிப்பு மாதிரி நெளிந்து போகும் வரிகள். ஒவ்வொரு குழியிலும் ஒரு காலத்தில் ஓர் உயிர் குடியிருந்தது. பவளப்பாறையை உடைத்து எடுத்துவந்து கட்டிய சுவர் அது.

கட்டியவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. மலை இல்லாத மணல் திட்டில் கைக்கு எட்டிய கல் கடலுக்குள்தான் கிடைத்தது. ஆனால் அந்தச் சுவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். இராமநாதபுரம் கடலைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் மீனைப் பேசுகிறோம், படகைப் பேசுகிறோம், எல்லைக்கோட்டைப் பேசுகிறோம். கடலின் தரையைப் பேசுவதில்லை. இந்தக் கடலின் செல்வம் தரையில்தான் இருக்கிறது. அதைச் சூழ்ந்திருக்கும் ஆபத்துகளில் பெரும்பாலானவை தரையின் மேல்தான் விழுகின்றன.

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையே, கரையிலிருந்து சராசரியாக 8 கிலோமீட்டர் தள்ளி, சங்கிலி போல 21 தீவுகள். அவற்றையும் சுற்றியுள்ள 560 சதுர கிலோமீட்டர் கடலையும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அரசு அறிவித்தது. 1989இல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமானது. 2001இல் யுனெஸ்கோவின் உலக வலையமைப்பில் இடம் கிடைத்தது. இங்கே பதிவாகியிருக்கும் உயிரினங்கள் 4,223. அவற்றில் பவளங்கள் மட்டும் 117 வகை. பாம்பனை அடுத்த குருசடைத் தீவின் கரையோர உயிரினங்களைப் பற்றி சென்னை அருங்காட்சியகம் 1927லேயே தனித் தொகுப்பு வெளியிட்டது. முதுகெலும்பு உள்ளவற்றுக்கும் இல்லாதவற்றுக்கும் நடுவில் நிற்கும் பலனோகுளோசஸ் என்ற புழு போன்ற உயிரைப் பார்ப்பதற்காகவே தலைமுறை தலைமுறையாக விலங்கியல் மாணவர்கள் அந்தத் தீவுக்கு வந்து போயிருக்கிறார்கள்.

இந்தியாவுக்கு இவ்வளவு நீளமான கடற்கரை இருக்க, இத்தனை உயிர்கள் இந்த மூலையில் வந்து குவிந்தது ஏன்? ஆழம் குறைவு என்பதுதான் பதிலின் பெரும்பகுதி. பாக் விரிகுடாவில் பெரும்பாலான இடங்கள் 15 மீட்டருக்கு உட்பட்டவை. தென்புறத்தில் தீவுகளைச் சுற்றிப் பவளம் வளரும் இடங்களில் தண்ணீர் இடுப்பளவிலிருந்து மூன்று ஆள் உயரம் வரைதான். ஆழ்கடலில் சூரிய வெளிச்சம் மேல்மட்டத்தோடு நின்றுவிடும், அடியில் இருட்டு. இங்கே வெளிச்சம் தரை வரை இறங்குகிறது. வெளிச்சம் இறங்கினால் தரையில் புல் முளைக்கும், பாசி வளரும், பவளம் கட்டும். ஆழமான கடல்களில் நீரின் மேல்பரப்பில் மட்டும் நடக்கும் விளைச்சல் இங்கே மேலேயும் கீழேயும் நடக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. இராமேசுவரம் தீவுக்கு வடக்கே ஒரு கடல், பாக் விரிகுடா; தெற்கே ஒரு கடல், மன்னார் வளைகுடா. தீவுக்காரர்கள் அவற்றைப் பெண் கடல், ஆண் கடல் என்பார்கள்; வடகடல், தென்கடல் என்றும் சொல்வதுண்டு. வாடைக்காற்று வீசும் மாதங்களில் வடகடல் கலங்கிக் கொந்தளிக்கும், தென்கடல் குளம் போலக் கிடக்கும். தென்மேற்குக் காற்று தொடங்கிவிட்டால் நேர்மாறு. குணம் வேறான இரண்டு கடல்கள் பாம்பன் கால்வாயிலும் தனுஷ்கோடி முனைக்கு அப்பாலுள்ள மணல்திட்டுகளின் இடைவெளிகளிலும் ஒன்றுக்குள் ஒன்று பாய்ந்துகொள்கின்றன. சேற்றை விரும்பும் உயிருக்கும் தெளிந்த நீரை விரும்பும் உயிருக்கும் அடுத்தடுத்த தெருவில் வீடு கிடைத்தது போல.

பவளத்தைக் கல் என்று நினைப்பவர்கள் உண்டு, செடி என்று நினைப்பவர்களும் உண்டு. அது விலங்கு. தேவாலயச் சுவரில் பார்த்த ஒவ்வொரு நட்சத்திரக் குழியும் அரிசியளவு உடம்பு கொண்ட ஒரு சிற்றுயிர் தனக்காகக் கட்டிய சுண்ணாம்பு அறை. அதன் தசைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. பாசிக்கு வீடு கிடைக்கிறது. வாடகையாக, வெளிச்சத்தில் தான் சமைத்த உணவில் பெரும்பங்கை வீட்டுக்காரருக்குக் கொடுக்கிறது. பவளத்துக்கு வேண்டிய சத்தில் 90 சதவீதம் வரை இப்படிக் கிடைப்பதுதான். அதன் நிறமும் பெரும்பாலும் இந்தப் பாசியால் வருவதே. உருண்டைப் பாறையாக வளரும் பவளம் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. ஆள் உயரப் பாறை ஒன்று எழும்ப ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆகும். கடப்பாரைக்கு அது அரை நாள் வேலை.

பவளத்துக்கும் கரைக்கும் நடுவே கடல்புல் வெளி. இதுவும் பாசி இல்லை. வயல் வரப்பில் முளைக்கும் புல்லைப் போல வேரும் தண்டும் பூவும் விதையும் உள்ள தாவரம், கடலுக்குள் குடிபோனது. அதன் வேர் மணலைப் பிடித்து நிறுத்துகிறது. இலை தண்ணீரின் வேகத்தைக் குறைத்துச் சேற்றைப் படிய வைக்கிறது. இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் பெரிய மீன் கண்ணில் படாமல் வளர்வது இதற்குள்தான். ஓரா மீன் இதை மேய்கிறது. கடல் குதிரை ஓடும் நீரில் அடித்துப் போகாமலிருக்க வாலால் புல்லின் தண்டைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஆவுளியா என்று நம் மீனவர்கள் அழைக்கும் கடல்பசுவுக்குப் புல்தான் சாப்பாடு, ஒரு நாளைக்கு 30, 40 கிலோ. பசு மேய்ந்த புல்வெளியில் ஒற்றையடிப் பாதை மாதிரி தடம் விழும்; அந்தத் தடத்தில் புதுப் புல் துளிர்க்கும். கர்ப்பம் ஓராண்டுக்கு மேல், ஒரு குட்டிக்கும் அடுத்த குட்டிக்கும் நடுவே மூன்று முதல் ஏழு ஆண்டு இடைவெளி. ஒரு தாய் வலையில் சிக்கி மூச்சுவிட மேலே வர முடியாமல் இறந்தால் அந்த இழப்பை ஈடுகட்ட எத்தனை ஆண்டு ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். பாக் விரிகுடாவின் வடபகுதியில், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022 செப்டம்பரில் கடல்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. இந்தியாவில் இதுவே முதல். பசுவுக்குக் கோடு தெரியாது. அது மேய்ந்துகொண்டே தெற்கே நம் கடலுக்கும் வரும்.

கடல் அட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும், அதை யாரும் அழகு என்று சொல்லமாட்டார்கள் என்பதாலேயே. தரையில் அசையாமல் கிடக்கும் தோல்பை போன்ற உயிர். நாள் முழுக்க மண்ணை விழுங்கி, அதிலுள்ள அழுகலைத் தின்றுவிட்டு, சுத்தமான மணலைப் பின்னால் விடும். வயலுக்கு மண்புழு செய்வதைக் கடலுக்கு அது செய்கிறது. கரையில் ஒருவர் வீட்டில் நண்டுக் குழம்பு கொதிக்கிறது என்றால், அந்த நண்டு வளர்ந்த புல்லின் வேர் அழுகாமல் இருந்ததில் கடல் அட்டைக்கும் பங்கு உண்டு. பல்லுயிர்ப் பெருக்கம் என்ற கனமான சொல்லை நான் இப்படித்தான் விளங்கிக்கொள்கிறேன். எத்தனை வகை என்ற எண்ணிக்கையைவிட, எந்த உயிர் யாருக்காக என்ன வேலை செய்கிறது என்பது முக்கியம். ஒன்று போனால் அதன் வேலை நின்றுபோகும். அந்த வேலையை நம்பியிருந்தவை ஒரே நாளில் சாவதில்லை. மெல்ல மெல்ல இளைக்கின்றன. அதனால் நமக்குத் தெரிவதும் இல்லை.

இனி ஆபத்துகள். 1960களிலும் 70களிலும் தீவுகளைச் சுற்றிய பவளம் சுண்ணாம்புக் காளவாசலுக்கும் தொழிற்சாலைக்கும் கட்டடத்துக்கும் படகு படகாகப் போனது. 1986இல் பூங்கா வந்த பிறகும் திருட்டுத்தனமாகத் தொடர்ந்தது. 2001இல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏறியது. 2004 சுனாமிக்குப் பிறகுதான் வெட்டுவது ஏறக்குறைய நின்றது. அதற்குள் விலை கொடுத்தாகிவிட்டது. 21 தீவுகளில் இரண்டு இப்போது தண்ணீருக்குக் கீழே: தூத்துக்குடிப் பக்கம் விலங்குச்சல்லி, நம் கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டி. இந்தத் தீவுகள் பவளத்தின் மேல் மணலும் உடைகல்லும் சேர்ந்து உண்டானவை. அலையை முன்னால் நின்று வாங்கிக்கொண்ட பாறையை உடைத்து எடுத்த பிறகு, அலை நேராக மணலை அறுத்தது. பாடப் புத்தகத்தில் 21 என்றே படிக்கிறோம். இருப்பது 19.

வெட்டுவது நின்றது, இழுப்பது நிற்கவில்லை. விசைப்படகின் இழுவை மடி என்ற வலை இரும்புக் குண்டும் பலகையும் கட்டி, தரையை ஒட்டி இழுக்கப்படுவது. இறாலுக்கு வெளிநாட்டு விலை கிடைத்த காலத்தில் அரசே மானியம் கொடுத்து இந்த மடியைக் கொண்டுவந்தது. இறால் தரையில் கிடப்பதால் இந்த மடி தரையைச் சுரண்டித்தான் அதைப் பிடிக்கிறது. கடல்புல் வெளியில் மடி இழுப்பது, நாற்றங்காலில் டிராக்டர் ஓட்டுவதற்குச் சமம்.

விளைவைப் பார்க்கக் கடலுக்குள் போக வேண்டியதில்லை. விசைப்படகு கரைக்கு வந்ததும் இறால், கணவாய், நண்டு, பெரிய மீன் எல்லாம் பெட்டியில் பிரிந்து போகும். மிச்சம் தளத்தில் ஒரு குவியலாகக் கிடக்கும். அதற்குச் சங்காயம் என்று பெயர். கோழித்தீவனத்துக்கும் மீன்தூளுக்கும் போவது. பாம்பன் பக்கம் ஒரு முறை அந்தக் குவியலின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்தேன். மேலே தெரிந்தது விரல் நீளக் காரல். விலக்கிப் பார்த்தால், நகத்தளவு நண்டுகள், கண் மட்டும் பெரிதாகத் தெரியும் கணவாய்க் குஞ்சுகள், கை ஒடிந்த நட்சத்திர மீன், வேரோடு பிடுங்கி வந்த கடல்புல் கற்றை. அந்தப் புல்லின் தண்டில் இன்னும் வாலைச் சுற்றியபடியே ஒரு கடல் குதிரை. அது பிடித்துக்கொள்ளத் தெரிந்த உயிர், பிடித்திருந்தது பிடுங்கப்பட்டுவிட்டது. இரண்டு வருடம் கழித்துக் கிலோ கணக்கில் வந்திருக்க வேண்டிய மீன் அன்றைக்குக் கூடைக் கணக்கில் தீவனமாகப் போனது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1983ஆம் ஆண்டு தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி, கரையை ஒட்டிய கடலில் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது. இந்தப் பகுதியில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு என்ற ஏற்பாடும் உண்டு. இரண்டு படகுகள் சேர்ந்து இழுக்கும் இரட்டை மடிக்குத் தடை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். ஆனால் விசைப்படகுகளுக்கு ஈடுகொடுக்க இந்த ஆழமற்ற கடலால் முடியவில்லை. நம் பக்கத் தரை சுரண்டப்பட்டுவிட்டதால்தான் படகுகள் எல்லைக்கோட்டுக்கு அப்பால் போகின்றன. பிறகு கைது, படகு பறிமுதல், துப்பாக்கிச்சூடு. சுடுவதையும் சிறை வைப்பதையும் எந்த விதத்திலும் நியாயப்படுத்த முடியாது. கூலிக்குப் போகிற ஆளின் குடும்பம்தான் அதில் நொறுங்குகிறது. ஆனால் நம் எல்லைக்குள் தரையை மீட்காமல் கச்சத்தீவைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்தால் அடுத்த தலைமுறைக்கும் இதே செய்திதான். இழுவை மடியை விட்டு ஆழ்கடலில் சூரை மீன் பிடிக்கப் போகலாம் என்று 2017இல் ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. எண்ணம் சரியானது. ஒரு நாளில் போய்த் திரும்பிப் பழகியவர்களை வாரக்கணக்கில் கடலில் கிடக்கச் சொல்லும் மாற்றம் அது. கடனும் பயிற்சியும் விலையும் கூட நிற்காவிட்டால் படகு துறையிலேயே கட்டிக் கிடக்கும்.

மடியையாவது நிறுத்தலாம். வெயிலை என்ன செய்வது? கடல்நீரின் வெப்பம் 30 பாகையைத் தாண்டி வாரக்கணக்கில் நீடித்தால், பவளம் தன் தசைக்குள்ளிருக்கும் பாசியை வெளியே துப்பிவிடுகிறது. நிறம் போய் எலும்பு வெள்ளையாகத் தெரியும். அது சாவு இல்லை, பட்டினி. வெப்பம் சீக்கிரம் தணிந்தால் பாசி திரும்பிவரும், பவளம் பிழைக்கும். தணியாவிட்டால் வெள்ளைக் கல்லின் மேல் வேறு பாசி படர்ந்து மூடிவிடும். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் பெரிய அளவில் வெளிறல் நடந்தது. 2016இல் மட்டும் உயிருள்ள பவளத்தின் பரப்பு 38.9 சதவீதத்திலிருந்து 22.7 சதவீதமாக இறங்கியது. ஒரே கோடையில்! கிளை விடும் பவளங்களும் மேசை போல விரியும் பவளங்களும் முதலில் செத்தன. உருண்டைப் பவளங்கள் தாக்குப்பிடித்தன. மீன் குஞ்சுக்கு ஒளிய இடம் கொடுப்பது கிளைப் பவளம்தான். அதனால் பாறை மிஞ்சினாலும் அதில் குடியிருப்பு குறைகிறது.

சில ஆபத்துகள் நல்ல எண்ணத்தோடு வந்தவை. கப்பாபைகஸ் என்ற கடல்பாசி பிலிப்பைன்ஸ் பக்கத்துக் கடலுக்குரியது. பற்பசை, ஐஸ்கிரீம் போன்றவற்றைக் கெட்டியாக்கும் பொருள் அதில் கிடைக்கிறது. 2000க்குப் பிறகு மண்டபம் பக்கம் மூங்கில் தெப்பங்களில் கட்டி வளர்த்தார்கள். பெண்கள் கையில் பணம் புழங்கியது, அதை யாரும் மறுக்கக் கூடாது. 2008இல் அது குருசடைத் தீவின் உயிருள்ள பவளத்தின் மேல் படர்ந்து வெளிச்சத்தை மறைப்பதாக ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். சீமைக்கருவேலத்தை விறகுக்கு ஆகும் என்று வரவேற்ற மாவட்டத்துக்கு இந்தக் கதை புதிதல்ல. கண்மாயில் நடந்ததைக் கடலில் நடக்க விடாமலிருக்க நமக்கு இதைவிடப் பெரிய எச்சரிக்கை தேவையில்லை. இந்தக் கடலுக்கே உரிய பாசி வகைகளை வளர்க்க முதலில் பணம் போட்டிருக்க வேண்டும் என்பதுதான் என் கருத்து.

2019 செப்டம்பரில் பாம்பன், மண்டபம் கரையில் கடல் பச்சையாக மாறி மீன் செத்து ஒதுங்கியது பலருக்கு நினைவிருக்கும். பூங்கோரை என்று மீனவர்கள் சொல்லும் நுண்ணுயிர் பெருகி அழுகும்போது நீரின் பிராணவாயுவைத் தின்றுவிடுகிறது. கரையோர ஊர்களின் சாக்கடை கடலில் சேரச் சேர இத்தகைய பெருக்கத்துக்குத் தீனி கூடும். அதே கடலுக்கு ஆற்றுநீர் குறைந்துகொண்டே போகிறது. வைகை இராமநாதபுரம் பெரிய கண்மாயோடு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. மிஞ்சினால்தான் ஆற்றங்கரையில் கடலைத் தொடும். நன்னீரும் உப்புநீரும் கலக்கும் இடங்களில் அலையாத்திக் காடு நன்றாக வளரும். தொண்டிக்குத் தெற்கே காரங்காட்டில் அப்படி ஒன்று மிஞ்சியிருக்கிறது. வனத்துறையோடு சேர்ந்து ஊர்மக்களே படகு ஓட்டி அதைச் சுற்றிக் காட்டுகிறார்கள். அங்கே ஒரு தடவை போனால், மூச்சுவிட வேர்கள் சேற்றுக்கு மேல் நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

சட்டத்தைப் பற்றி ஒரு மனக்குறை எனக்கு உண்டு. 2001இல் கடல் அட்டை பிடிப்பது முழுவதும் தடை செய்யப்பட்டது. உயிரைக் காக்க அது தேவைதான். ஆனால் அட்டை குளித்துப் பிழைத்தவர்களுக்கு மறுநாள் என்ன வேலை என்று சட்டம் கேட்கவில்லை. எதிர்க்கரையில், இலங்கையில், அதே அட்டை உரிமம் பெற்ற தொழில். நடுவே இருப்பது சில மணி நேரக் கடல். அதனால்தான் மூட்டை மூட்டையாகப் பிடிபட்ட செய்தி மாதம் தவறாமல் வருகிறது. பிடிபடுவது அனேகமாகப் படகில் இருக்கும் ஆள். பணம் போட்டவர் கரையில் இருப்பார்.

இதே சட்டத்தின் கண்ணுக்குப் பாம்பனை ஒட்டிய சின்னப்பாலத்துப் பெண்களும் அத்துமீறி நுழைபவர்களாகத் தெரிந்தார்கள். தீவுகளைச் சுற்றிப் பாசி எடுப்பது அவர்கள் பாட்டி காலத்துத் தொழில். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, காலில் செருப்போ தகடோ கட்டிக்கொண்டு, கண்ணாடி மாட்டி மூழ்கி, மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் பறித்துவருவார்கள். பாறை கிழித்த தழும்பு இல்லாத கை அங்கே இல்லை. பூங்கா எல்லைக்குள் வரக் கூடாது என்று தடுக்கப்பட்டபோது, அவர்கள் தங்களுக்குள் கூடிச் சில கட்டுப்பாடுகளை வைத்துக்கொண்டார்கள். பாசியைக் கையால்தான் பறிக்க வேண்டும், இரும்பால் சுரண்டக் கூடாது. மாதத்துக்குப் பன்னிரண்டு நாள் மட்டும், அமாவாசையை ஒட்டி ஆறு, பௌர்ணமியை ஒட்டி ஆறு. விசைப்படகுத் தடைக்காலத்தில் இவர்களும் கடலுக்குள் இறங்குவதில்லை. அந்தப் பெண்களில் ஒருவரான லட்சுமி மூர்த்திக்கு 2015இல் தீவுகளின் சூழலைக் காப்பதற்கான சீகாலஜி விருது கிடைத்தது.

மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டல மையம் இருக்கிறது; தூத்துக்குடியில் ஆய்வாளர்கள் செயற்கைப் பாறைகளை இறக்கிப் பவளத் துண்டுகளை ஒட்டி வளர்க்கிறார்கள்; கடல்புல்லை நட்டுப் பார்க்கிறார்கள். அவர்கள் கையிலுள்ள அளவுகோலோடு, மாதம் பன்னிரண்டு நாள் அந்தத் தரையைக் கையால் தடவி அறியும் இந்தப் பெண்களின் கணக்கும் சேர வேண்டும். எந்தப் பாறையில் போன வருடம் இருந்த பாசி இந்த வருடம் இல்லை, எந்த இடத்தில் தண்ணீர் வழக்கத்தைவிடச் சுடுகிறது என்பதை அவர்கள் எந்தக் கருவிக்கும் முன்னால் அறிகிறார்கள். பூங்காவை நிர்வகிக்கும் கூட்டங்களில் அவர்களுக்கு நாற்காலி போடப்பட வேண்டும்; அவர்கள் சொல்வது குறிப்பேட்டில் ஏற வேண்டும். அடுத்த அமாவாசைக்கு அவர்கள் எப்படியும் தண்ணீரில் இறங்கத்தான் போகிறார்கள்.